கடலுக்குள் ஒரு பரண்

கடலாடிப் பக்கத்துப் புஞ்சைகளில் சோளமும் கம்பும் கதிர் பிடிக்கிற காலத்தில் பரண் போடுவார்கள். நான்கு கவட்டைக் கம்பு, குறுக்கே சில கழிகள், மேலே பரப்பிய தட்டை, அதில் ஒரு ஆள் குந்த இடம். பரண் கட்டியதால் ஒரு கதிர்கூட நீளமாக வளர்ந்துவிடாது. வளர்வது பயிரின் வேலை. வளரவிடாமல் செய்யும் பன்றியையும் பறவையையும் தள்ளி வைப்பது மட்டுமே பரணின் வேலை.

இதே கடலாடித் தாலுகாவின் கடலுக்குள்ளும் பரண் போடலாம். அங்கே ஒரு சின்ன மாற்றம் உண்டு. வயல் பரணில் காவல்காரர் மேலே இருப்பார், பயிர் கீழே நிற்கும். கடல் பரணில் பயிரே மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பயிர் பவளம்.

கடலாடி என்ற பெயருக்குள் கடல் இருந்தாலும் ஊர் கரையில் இல்லை. தெற்கே இறங்கினால்தான் வாலிநோக்கம், மாரியூர், முந்தல், மூக்கையூர் என்று கடற்கரை ஊர்கள் வரிசை கட்டும். முந்தலுக்கு எதிரே கடலில் இருப்பது நல்லதண்ணித் தீவு. அதற்கு மேற்கே உப்புத்தண்ணித் தீவும் உண்டு. பெயர் வைத்தவர்கள் படகில் குடத்தோடு போனவர்களாகத்தான் இருக்க வேண்டும். பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை இப்படி 21 தீவுகள். 1986-இல் இவை மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. புழுவினிச்சல்லி, விலாங்குசல்லி, காரைச்சல்லி என்று சில தீவுகளின் பெயர் ‘சல்லி’யில் முடிகிறது. சல்லி என்றால் உடைந்த சிறு கல். கரையில் அள்ளிப் பார்த்தால் அந்தச் சல்லியில் பாதி, செத்த பவளத்தின் எலும்பு.

உடைந்த பவளம் சல்லியாகக் கிடப்பதும், அதே உடைந்த துண்டு புதிய பவளமாகத் தழைப்பதும் ஒரு விஷயத்தில்தான் பிரிகின்றன. துண்டுக்கு அசையாத இடம் கிடைத்ததா என்பதே அது.

ஒடித்து நட்டால் துளிர்க்கும் விலங்கு

பவளம் பார்க்கக் கல், கிளைவிடுவதில் செடி, பிறப்பில் விலங்கு. ஒரு மான்கொம்புப் பவளத்தின் கிளையை உருப்பெருக்கியில் பார்த்தால் அதன் மேல் முழுக்கச் சின்னச் சின்னக் கிண்ணங்கள் தெரியும். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு பாலிப். மென்மையான உடல், நடுவில் வாய், சுற்றிலும் உணர்கொம்புகள். இவ்வளவுதான் அந்த உயிர். பக்கத்துப் பாலிப்போடு ஒரே தோலால் இணைந்திருப்பதால் ஆயிரக்கணக்கான வாய்கள் இருந்தும் குடும்பம் ஒன்றுதான்.

அந்தத் தோலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலில் அவை சமைக்கும் சர்க்கரையில் பெரும்பகுதியை வீட்டுக்காரருக்கே தந்துவிடும். பவளத்தின் ஆற்றல் தேவையில் 90 சதவீதம் வரைகூட இந்த வாடகையிலேயே நிறையும். அந்த ஆற்றலைச் செலவழித்துப் பாலிப் தன் அடிப்பக்கத்தில் கல் செய்கிறது. தோலுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய நீர்ப்படலத்திலிருந்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளி, அந்த நீரைக் கடல்நீரைவிடக் காரமாக்கும். அங்கே கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து அரகோனைட் என்ற சுண்ணாம்புப் படிகமாக இறுகும். வெளிச்சம் இருக்கும்போது இந்த வேலை இருட்டில் நடப்பதைப்போல் சராசரியாக மூன்று மடங்கு வேகத்தில் நடக்கிறது. பகல் ஷிப்டில் உற்பத்தி கூடுதல்.

முருங்கையை ஒடித்து நட்டால் துளிர்ப்பதுபோல, மான்கொம்புப் பவளத்தின் ஒடிந்த கிளையும் துளிர்க்கும். புயலில் ஒடிந்து விழும் கிளைகளால்தான் இந்த இனங்கள் பல இடங்களில் பரவியே இருக்கின்றன. ஆனால் முருங்கைப் போத்துக்கு மண் பிடிப்புத் தரும். கடலடி மணல் பவளத்துக்கு அந்த உதவியைச் செய்யாது. அலை உருட்டும்போதெல்லாம் துண்டின் தோல் உரியும். உரிந்த இடத்தில் பாசி ஏறும். மணல் மூடினால் வெளிச்சமும் போய், மூச்சும் போகும். ஒரு பருவக்காற்று போதும், உயிருள்ள கிளை சல்லியாகிவிடும்.

தொட்டிக்குள் ஒரு பரண்

துண்டுக்கு அசையாத இடம் வேண்டும் என்பதை வீட்டுக்குள் கண்டுகொண்டவர்கள் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் ஆர்வலர்கள். சட்டம் இடம் தரும் நாடுகளில் அவர்கள் பவளத்தைச் சுண்டுவிரல் அளவு துண்டுகளாக வெட்டி, தாங்களே செய்த தட்டிகளில் அடுக்கி வளர்க்கிறார்கள். அந்தத் தட்டிக்கான சாமான் எல்லாம் நம் ஊர் ஹார்டுவேர் கடையிலேயே இருக்கும். ஏன் அந்தச் சாமான் என்று கேட்டுப் பார்த்தால், ஒவ்வொரு பதிலிலும் கடலைப் பற்றிய ஒரு பாடம் கிடைக்கும்.

மேல்தட்டுக்கு, அலுவலகங்களில் ட்யூப்லைட்டுக்குக் கீழே மாட்டும் கட்டம் போட்ட பிளாஸ்டிக் தகடு. ஒரு கட்டம் ஏறக்குறைய ஒன்றேகால் சென்டிமீட்டர் சதுரம். துண்டு ஒட்டிய சின்னக் குமிழின் காம்பு அதற்குள் சொருகி நிற்கும். முழுத் தகடு போட்டால் என்ன? மீனின் கழிவும் தூசியும் அதன்மேல் படிந்து பவளத்தின் அடியை அழுகச் செய்யும். கட்டத்தகட்டில் கழிவு கீழே விழுந்துவிடும். தண்ணீர் அடியிலிருந்தும் ஓடும்.

தண்ணீர் ஓடுவது ஏன் அவ்வளவு முக்கியம்? எந்தப் பொருளைச் சுற்றியும் ஒட்டிக்கொண்டே நிற்கும் மெல்லிய நீர்ப்போர்வை ஒன்று உண்டு. பவளம் நகராத உயிர். கழித்த அழுக்கும், நுண்பாசிகள் விட்ட மிகை ஆக்ஸிஜனும் அந்தப் போர்வைக்குள்ளேயே தேங்கும். ஓட்டம் பட்டால்தான் போர்வை மெலிந்து, பழையது போய்ப் புதியது வரும். நம் மீனவர்கள் நீவாடு என்னும் நீரோட்டம் பார்த்து வலை விடுகிறார்கள். பவளத்துக்கு உண்ணவும் கழிக்கவும் அந்த நீவாடுதான் வழி.

கால்களுக்கு பிவிசி குழாய். அதில் ஒரு சூட்சுமம். இரு முனையும் அடைத்த குழாயில் காற்று சிக்கிக்கொண்டால் பரண் தெப்பமாகிவிடும். அதனால் ஒவ்வொரு காலிலும் துளை போட்டு, தண்ணீர் உள்ளே புக வழி செய்ய வேண்டும். மூழ்க வேண்டிய ஒன்றை ஓட்டை போட்டு மூழ்கடிப்பது படகுக்காரர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம்.

இணைக்க ஆணி, திருகு கூடாது. பித்தளையில் செம்பு இருக்கிறது. செம்பு மிகச் சிறிய அளவில் கரைந்தாலும் முதுகெலும்பில்லாத கடலுயிர்களுக்கு நஞ்சு. இரும்பு துருப்பிடித்தால் பாசிக்கு உரமாகும். ஆகவே பிளாஸ்டிக் டை.

துண்டை ஒட்டுவதற்கு சூப்பர் க்ளூ, அதிலும் கெட்டியான ஜெல் வகை. நமக்குத் தெரிந்த பசைகள் பெரும்பாலும் காய்ந்து இறுகுபவை. ஈரம் அவற்றுக்குப் பகை. சயனோஅக்ரிலேட் என்ற இந்தப் பசைக்கு ஈரம்தான் இறுகுவதற்கான சமிக்ஞை. தோலில் இருக்கும் ஈரமே போதும் என்பதால்தான் விரலில் பட்டால் உடனே பிடித்துக்கொள்கிறது. துண்டின் அடியை மெல்ல ஒற்றி எடுத்து, பசை வைத்து, குமிழில் அழுத்தித் தண்ணீரில் இறக்கினால் சில நொடிகளில் நின்றுவிடும். சில வாரங்களில் பவளம் தன் தோலை அடியில் படரவிட்டு, பசையையும் மூடி, குமிழின்மேல் கல் பூசும். அதன்பின் பசைக்கு வேலையில்லை.

குமிழைச் சிமென்ட்டில் தாங்களே வார்ப்பவர்களும் உண்டு. வார்த்ததும் போட்டுவிட முடியாது. புதுச் சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீரின் காரத்தைச் சட்டென ஏற்றிவிடும். வாரக்கணக்கில் ஊறவைத்து, தண்ணீர் மாற்றி மாற்றி, அதன் காரத்தைத் தணித்த பிறகே உள்ளே விட வேண்டும்.

அடுக்கும்போது நெருக்கி வைக்கவும் கூடாது. இரவில் சில பவளங்கள் நீண்ட கொட்டும் இழைகளை நீட்டி அண்டை வீட்டைத் தடவிப் பார்க்கும். வேறு இனமாக இருந்தால் கொட்டிக் கொல்லும். இன்னும் சில, வயிற்றின் செரிமான இழைகளையே வெளியே விட்டு எதிராளியை இருந்த இடத்திலேயே கரைத்துவிடும். பகலில் பூச்சட்டிபோல் சாதுவாகத் தெரியும் தட்டியில் இரவெல்லாம் எல்லைத் தகராறு.

இவ்வளவும் செய்தபின் தண்ணீர் மிச்சம் இருக்கிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பும், 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கால்சியமும் இருக்கும். வளரும் பவளம் அந்தக் கால்சியத்தை உறிஞ்சிக் கல்லாக்கிக்கொண்டே இருப்பதால், தொட்டிக்காரர் அளந்து அளந்து ஈடுகட்ட வேண்டும். கடல் பெரிய பாத்திரம். அது தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும்.

நம் கரையில் நடந்தது

இதைப் படித்துவிட்டு மாரியூர்க் கரையிலிருந்து ஒரு கிளையை ஒடித்து வந்து வீட்டில் பரண் போட நினைத்தால், அது குற்றம். 2001-இல் கல் செய்யும் பவளங்கள் அத்தனையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. சட்டத்தின் கண்ணில் பவளத் துண்டும் புலியும் ஒரே வரிசை.

அந்த வரிசைக்கு வர ஒரு காரணம் இருந்தது. இந்தக் கடற்கரையில் பவளத்தின் பழைய பெயர் முருகைக்கல். பெயரிலேயே கல் வந்துவிட்டதால் உயிர் கண்ணில் படவில்லை. வீட்டுச் சுவருக்கு அதை வைத்தார்கள், சுண்ணாம்புக் காளவாயில் சுட்டார்கள், தொழிற்சாலைகளுக்கும் ஏற்றினார்கள். 1964 புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயத்தின் சுவரைக் கிட்டப் போய்ப் பார்ப்பவருக்கு, ஒவ்வொரு கல்லிலும் பாலிப்புகள் குடியிருந்த கிண்ணங்களின் கோலம் தெரியும். மன்னார் வளைகுடாவில் ஏறக்குறைய 110 சதுர கிலோமீட்டர் இருந்த பவளப் பாரில், அதாவது பவளத்திட்டில், சுமார் 32 சதுர கிலோமீட்டர் சீரழிந்துபோனது. கல் தோண்டுவது 2005 வாக்கில்தான் ஓய்ந்தது.

தோண்டியவர்களும் ஆராய்ந்தவர்களும் ஒரே கரையில் இருந்ததுதான் வேடிக்கை. பவளப் பார்களைப் பற்றிய உலக மாநாடுகளின் வரிசையில் முதலாவது, 1969 சனவரியில் நம் மண்டபம் முகாமில் நடந்தது. இரண்டாவதுதான் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்குப் போனது. மண்டபத்தில் பணியாற்றிய சி.எஸ். கோபிநாத பிள்ளை இந்தப் பார்களின் இனங்களை ஒவ்வொன்றாக இனம்கண்டு எழுதியவர்.

தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் 2002-இல் பவளத் துண்டுகளை நடத் தொடங்கியது. அனுமதி பெற்று, நல்ல நிலையில் உள்ள பாரிலிருந்து சிறு கிளைகளை எடுத்து, சிமென்ட் பலகைகளில் கட்டி, பலகைகளைக் கடலடியில் சட்டங்களின்மேல் நிறுத்துவது முறை. தொட்டிக்காரரின் கட்டத்தகடு இங்கே கான்கிரீட் சட்டம், அவருடைய குமிழ் இங்கே சிமென்ட் பலகை. கணக்கு ஒன்றுதான்: அடி அசையக்கூடாது, மணல் எட்டக்கூடாது, வெளிச்சம் தடைபடக்கூடாது, ஓட்டம் நிற்கக்கூடாது. நிறுவனத்தின் இயக்குநர் ஜே.கே. பேட்டர்சன் எட்வர்டும் அவருடைய குழுவினரும் 2003 முதல் 2005 வரை தீவுகளைச் சுற்றி முங்கி எடுத்த கணக்கில் 117 பவள இனங்கள் தேறின. எந்தத் துண்டை எங்கே நடலாம் என்பதற்கு அந்தக் கணக்குதான் அடங்கல்.

இதில் ஒரு திருப்பிக் கொடுத்தலும் இருக்கிறது. முருகைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிக் கரைக்குக் கொண்டுவந்தோம். இன்று சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுச் செய்த சிமென்ட்டைப் பலகையாக வார்த்துக் கடலுக்குள் இறக்குகிறோம். அந்தச் சுண்ணாம்புக்கல்லும் பெரும்பாலும் என்றைக்கோ இருந்த கடலின் ஓடும் எலும்பும்தான்.

நட்டதும் வேலை முடிவதில்லை. புதிய பலகை என்றால் பாசி, கடற்பஞ்சு, கொட்டலசு எல்லாருக்கும் ஆசை. தோல் உரிந்த துண்டு ஆறுவதற்குள் அவை முந்திக்கொள்ளும். தொட்டியில் நத்தை மேய்வதுபோல் கடலில் ஓராவும் கிளிமீனும் மேய்ந்து பாசியைக் கட்டுக்குள் வைக்கின்றன. அவற்றை வலையில் ஒட்ட அரித்துவிட்டால், பரண் போட்டவரே முங்கித் தூரிகையால் தேய்க்க வேண்டியதுதான்.

இன்னொரு பரணின் கதையும் இங்கே உண்டு. 1990-களில் மண்டபம் கடலுக்கு வந்த காப்பாஃபைகஸ் என்ற கடற்பாசியை 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்க்கிறார்கள். கடற்கரைப் பெண்கள் பலருக்கு அது சோறு. ஆனால் 2008-இல் குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்களின்மேல் அதே பாசி படர்ந்து கிடப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஒரு பரணிலிருந்து நழுவியது இன்னொரு பயிரின் வெளிச்சத்தை மறைத்தது. கடலில் வேலி கிடையாது. எதை வளர்க்கிறோம் என்பதோடு, அது எங்கெல்லாம் போகும் என்பதையும் கேட்டாக வேண்டியிருக்கிறது.

கைதவறி உடைந்த ஒரு துண்டு

மான்கொம்பு வகைகள் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் அளவுக்கு நீளும். உருண்டைப் பாறைபோல் வளரும் பவளங்களோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டரோடு திருப்திப்படும். அவற்றை நட்டுப் பார் உண்டாக்குவது பேரன் காலத்து வேலை என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மோட் கடல் ஆய்வகத்தைச் சேர்ந்த டேவிட் வான் என்பவர், 2000-களின் நடுவில் ஒரு நாள் தொட்டியில் ஒரு பவளத்தை இடம் மாற்றப் போனார். அது அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்த இழுப்பில் உடைந்து, சில பாலிப்புகள் மட்டும் தரையில் தங்கிவிட்டன. செத்துவிடும் என்று விட்டுவிட்டார். சில வாரம் கழித்துப் பார்த்தால் அந்தத் துணுக்குகள் எதிர்பாராத வேகத்தில் படர்ந்திருந்தன. பிறகு வேண்டுமென்றே சிறு துணுக்குகளாக வெட்டிப் பார்த்தார்கள். வழக்கத்தைவிட 25 முதல் 50 மடங்கு வேகம் என்று கணக்கு வந்தது.

வெட்டுப்பட்ட பவளம் முதலில் காயத்தை மூடப் பார்க்கிறது. உயரமாகக் கல் அடுக்குவதை ஒத்திவைத்து, தோலை அகலமாகப் பரப்புகிறது. ஒரே தாயிலிருந்து வெட்டிய துணுக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், விளிம்புகள் தொட்டதும் சண்டை போடுவதில்லை. உறவு தெரிந்து ஒன்றாகி, ஒரே உடலாகிவிடும். ஒரு பாறையின் செத்த மேற்பரப்பில் இப்படிப் புள்ளி வைத்தால் பவளமே கோலத்தை இழுத்து முடித்துக்கொள்ளும்.

பரணுக்கு எட்டாதது

உறவு தெரிவது வரமாக இருக்கும் இடத்திலேயே ஆபத்தும் இருக்கிறது. ஒடித்து நட்ட அத்தனையும் ஒரே தாயின் நகல். ஒரு நோய்க்கு ஒன்று பணிந்தால் எல்லாம் பணியும். ஒரே ரக நெல்லை ஊர் முழுக்க நட்டு, ஒரே பூச்சியில் பறிகொடுத்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டாம். அதனால் பல தாய்களிலிருந்து கிளை எடுத்து, கலந்து நட வேண்டும். நட்டவை வளர்ந்து, மார்ச் முழுநிலவை ஒட்டி முட்டையும் விந்தும் கடலில் விட்டு, புதிய பிள்ளைகளைப் பெற்றால்தான் அது பார். அதுவரை அது நர்சரி.

சூட்டை எந்தப் பரணாலும் தடுக்க முடியாது. வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தால் போதும், தோலுக்குள் இருக்கும் நுண்பாசிகள் உணவோடு நச்சும் தரத் தொடங்கும். பவளம் அவற்றை வெளியேற்றிவிடும். நிறமெல்லாம் பாசியோடு போய்விடுவதால், கண்ணாடித்தோல் வழியே எலும்பின் வெள்ளை தெரியும். வெளுத்த பவளம் செத்ததல்ல, பட்டினி கிடப்பது. சூடு தணிந்தால் பாசி திரும்பும், தணியாவிட்டால் சாவு. 2010-இல் மன்னார் வளைகுடாவில் இப்படி நடந்தது. 2016-இல் இன்னும் கடுமை: கடலடியில் உயிருள்ள பவளத்தின் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாக இறங்கியது. 2024 ஏப்ரலில், உலகளாவிய நான்காவது வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக அறிவித்தார்கள்.

தொட்டிக்காரர் சூடு ஏறினால் மின்விசிறியை வைப்பார், குளிர்விப்பானைப் போடுவார். நல்லதண்ணித் தீவைச் சுற்றியுள்ள ஆழமில்லாத கடலுக்கு அப்படி ஒரு பொத்தான் இல்லை. அந்தக் கடலின் சூட்டைக் கூட்டும் புகை கடலாடியிலிருந்து மட்டும் எழுவதும் இல்லை.

பிறகு எதற்குப் பரண்? 2010-லும் 2016-லும் எல்லாப் பவளமும் சாகவில்லை. தப்பியவை இருந்தன. சூட்டைத் தாங்கிய தாயிலிருந்து கிளை எடுத்து, அது ஆளாகும்வரை மணலுக்கும் பாசிக்கும் இரையாகாமல் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும். சூட்டைத் தாங்கும் தகுதியைப் பவளம்தான் கொண்டுவர வேண்டும். அதைச் சல்லியாகிவிடாமல் காக்கும் அவகாசத்தை மட்டும் பரண் தரும்.

வயல் பரணுக்கு அறுவடைக்குப்பின் என்ன நடக்கும் என்பது தெரிந்த கதை. கயிறு அவிழ்ந்து கம்புகள் வேலிக்கோ அடுப்புக்கோ போய்ச் சேரும். கடல் பரணைப் பிரிக்க யாரும் போக வேண்டாம். கிளைகள் பலகையைத் தாண்டி, சட்டத்தின்மேல் தோல் படர்ந்து, கல் பூசி, மூலைகளை மழுங்கடித்து, பவளமே அதை விழுங்கிவிடும். சில ஆண்டு கழித்து அங்கே முங்குகிற ஒருவருக்குக் கான்கிரீட் கண்ணில் படவில்லை என்றால், கட்டியவரின் வேலை சரியாக முடிந்தது என்று பொருள்.